கூலியை எழுதிக் கேட்போம்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கூலியைப் பற்றியும் வேலை நீக்கத்தைப் பற்றியும் பேசுவது பொருத்தமாகுமா என்று நண்பர் சிலர் வினவினர். நம் சங்கத்தின் மாணவர் பதிவேட்டைப் புரட்டினாலே விடை கிடைக்கும். அரசுப் பணிக்குச் சென்றவர்களை இம்மேடையில் அமர்த்திப் பெருமைப்படுகிறோம், அது முறையே. ஆயினும் தோல் பதனிடும் சாலையிலும், காலணித் தொழிற்சாலையிலும், பீடிக் கம்பெனியிலும், துணிக்கடையிலும், துப்புரவு ஒப்பந்தக்காரரிடமும் வேலை செய்வோரே எண்ணிக்கையில் மிகுதி. அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் சம்பளம் பிடித்தம் செய்யப்பட்டாலோ, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டாலோ, எழுத்தறியாத பாட்டனார் செய்ததையே செய்கின்றனர். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வாசலில் போய்க் கைகட்டி நிற்கின்றனர். ஒரு தாளை எடுத்துத் தேதியிட்டு எழுதுவதில்லை. இதைப் பேசுவதற்குக் கல்விச் சங்கத்தைவிடத் தகுந்த இடம் வேறு எது?

கூலிக் கேள்வி நமக்குப் புதிதன்று. தஞ்சைத் தரணியில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாக இருந்தோரைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கவும், கூலியை வரையறுக்கவும் 1952ஆம் ஆண்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் மிராசுதாரர் பலர் என்ன செய்தனர் தெரியுமா? பண்ணையாள் என்ற பெயரையே எடுத்துவிட்டு, அதே ஆளை அன்றாடக் கூலியாக்கிக்கொண்டனர். பண்ணையாளுக்குத்தானே பாதுகாப்பு, தினக்கூலிக்கு இல்லையே! பெயரை மாற்றி உரிமையைக் கழிக்கும் இந்தத் தந்திரம் அன்றோடு போகவில்லை. அதைப் பின்னர்க் கூறுவோம். கூலி உயர்வு கேட்டுக் கிளம்பிய பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் நம் மக்கள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அதன் பின்னரே 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.

மற்றொன்றும் நினைவிற்கு வருகிறது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். 1930ஆம் ஆண்டில் அங்குத் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டபோது, அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். எனினும், படித்தறியாத தாளில் பெருவிரலை வைப்பது எத்தகைய ஆபத்து என்பதை அறிந்திருந்தனர். கையெழுத்திடத் தெரிந்த நாம் அதை அறிந்திருக்கிறோமா?

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர் அவரே. அது 1948இல் சட்டமாயிற்று. ஒருவன் எவ்வளவு ஏழையாக இருப்பினும், ஒரு தொகைக்குக் கீழே அவனுடைய உழைப்பை வாங்க முதலாளிக்கு உரிமையில்லை என்பதே அச்சட்டத்தின் உட்கிடை. உச்ச நீதிமன்றம் இதனை இன்னும் மேலே கொண்டு சென்றது. ராஜஸ்தானத்தில் பஞ்ச நிவாரணச் சாலைப் பணியில், நாளொன்றுக்கு 7 ரூபாய் என்ற குறைந்தபட்சக் கூலி முழுதும் தரப்படவில்லை. அந்த வழக்கில் 1983இல் தீர்ப்புரைத்த நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது. "அவனாகத்தானே வந்தான், யார் கூப்பிட்டது?" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பசியும் ஒரு கட்டாயமே.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பழைய தொழிலாளர் சட்டங்கள் 29 நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றால் எல்லாம் நன்மை என்று நாம் சொல்லமாட்டோம். நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்கு இருந்த நிலையாணைப் பாதுகாப்பு, இப்போது முந்நூறு பேருக்கு என்று உயர்த்தப்பட்டுவிட்டது. ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி பெற வேண்டும் என்ற விதியும் அவ்வாறே முந்நூறுக்குச் சென்றுவிட்டது. நம் மக்கள் மிகுதியாக உழைக்கும் சிறு பட்டறைகள் இந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன. இது பெருங்குறை. ஆனால் கூலியைப் பொறுத்தவரை ஒரு நன்மை உண்டு. முன்பு குறிப்பிட்ட சில தொழில்களுக்கே குறைந்தபட்சக் கூலி என்றிருந்தது. இப்போது எல்லாத் தொழிலுக்கும் உண்டு.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் தரப்பட வேண்டும். வேலையை விட்டு நீக்கினாலும், தாமே விலகினாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு விகிதம். எந்தெந்தப் பிடித்தம் செய்யலாம் என்பதைச் சட்டம் பட்டியலிட்டுள்ளது. எல்லாம் சேர்ந்தும் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது. அபராதம் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கூடாது, அதுவும் நம் விளக்கத்தைக் கேட்ட பின்னரே. சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. நியமனக் கடிதமும் பத்துத் தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் தர வேண்டியதே. சம்பளம் தரவில்லை என்று நாம் முறையிட்டால், தந்ததாக மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது என்று சட்டமே கூறுகிறது. முறையிட மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு.

இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருக்கும்போது நம்மவர் எங்கே தோற்கின்றனர்? வேலை செய்ததை மெய்ப்பிக்கும் இடத்தில்தான் தோற்கின்றனர்.

இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தவர், ஓராண்டு தொடர்பணி செய்தவராகக் கருதப்படுவார். அவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத எழுத்துமூல அறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியமும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதிய வீதம் இழப்பீடும் தர வேண்டும். ஊதியத்துடன் கூடிய வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் இந்த 240இல் சேரும் என்பது 1985இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நம்மவர் பலர் இதை அறியாமல், வேலைக்குச் சென்ற நாளை மட்டும் விரல்விட்டு எண்ணி, "எனக்கு 215தான்" என்று வருந்தி அடங்கிவிடுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளையும் கூட்டிப் பாருங்கள்.

1976இல் ஸ்டேட் வங்கி வழக்கு ஒன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. ஊழியர் ஒருவருக்கு இடையிடையே வேலை கொடுத்து, கடைசியில் ஒன்பது நாளைக்கு மட்டும் என்று ஆணை தந்து, ஒன்பதாம் நாள் முடிந்ததும் அனுப்பிவிட்டனர். நாமாக நீக்கவில்லை, தவணை முடிந்தது என்றது வங்கி. எக்காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்பே என்றது நீதிமன்றம். மகிழ்ச்சிக்குரிய தீர்ப்பு; ஆனால் 1984இல் சட்டத்தைத் திருத்தி, குறித்த காலத்திற்கு என்று ஒப்பந்தம் எழுதி அக்காலம் முடிந்தால் அது ஆட்குறைப்பாகாது என்று விதிவிலக்குச் சேர்த்துவிட்டனர். பண்ணையாளைக் கூலியாக்கிய கதைதான்! ஆகவே எந்தத் தாளில் கையெழுத்திடுகிறோம், அதில் "காலவரை" என்ற சொல் உண்டா என்று பார்ப்பது இன்று இன்றியமையாதது. காலவரை ஊழியராயினும் ஓராண்டு முடித்தால் பணிக்கொடை உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு வழக்கு வனத்துறையில் தினக்கூலியாக உழைத்த ஒருவருடையது. 240 நாள் வேலை செய்தேன் என்று உறுதிமொழிப் பத்திரம் மட்டும் தாக்கல் செய்தார். அது போதாது, நாட்கணக்கை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சம்பளம் தந்ததை மெய்ப்பிப்பது முதலாளி. வேலை செய்ததை மெய்ப்பிப்பது நாம். இவ்வேறுபாட்டை மறவாதீர். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகத்தில் விழுந்த வரவு, வைப்பு நிதிக் கணக்கு எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, வாயிற்காவலர் தந்த நுழைவுச் சீட்டு, மேஸ்திரி கைபேசியில் அனுப்பிய செய்தி, எல்லாமே சான்றுதான். ஒன்றுமில்லையா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நாள்தோறும் தேதி, வந்த நேரம், போன நேரம், உடன் வேலை செய்தவர் பெயர் எழுதுங்கள். நம் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதாமல் ஒரு நாளும் மணி அடிப்பதில்லை. அப்பழக்கத்தை வேலைக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

வேலை நீக்கத்தில் நாம் மிகுதியும் கண்டது, நீக்கமே இல்லாத நீக்கம். கடிதம் தரமாட்டார்கள். வாயிலில் நிறுத்திவிடுவார்கள். பத்து நாள் கழித்து "தானே வராமல் நின்றுவிட்டான்" என்று ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். எட்டு நாளுக்கு மேல் வராதவர் தாமே வேலையை விட்டதாகக் கருதப்படுவார் என்ற நிலையாணையைக் காட்டி ஒரு தொழிலாளியின் பெயரை அடித்துவிட்ட வழக்கில், விசாரணையின்றி அவ்வாறு செய்வது செல்லாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிப் பின்னூதியத்துடன் மீண்டும் வேலை தரச் சொன்னது. ஆனால் "நான் வந்தேன், உள்ளே விடவில்லை" என்பதற்கு நம் கையில் ஏதேனும் இருக்க வேண்டாமா? அன்று மாலையே எழுத வேண்டும்: இன்ன தேதியில் இன்ன நேரத்தில் வேலைக்கு வந்தேன், உள்ளே அனுமதிக்கவில்லை, வேலை செய்ய இன்னமும் ஆயத்தமாக இருக்கிறேன், வேலை தருக. இவ்வளவே போதும், வசைமொழி வேண்டாம், வரலாறு வேண்டாம். பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஒப்புகைச் சீட்டுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நம் இரவுப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறிய பெண் ஒருத்தி, காலணித் தொழிற்சாலை ஒன்றில் ஆறாண்டுகள் மேல்தோல் தைத்து வந்தாள். 2023இல் ஒரு நாள் அலுவலகத்திற்கு அழைத்து, கணக்கு முடிக்க வேண்டும் என்று ஆங்கிலத் தாளொன்றை நீட்டினர். "வீட்டில் படித்துவிட்டு நாளை கையெழுத்திடுகிறேன், ஐயா" என்றாள். இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது அந்த அறையில் நின்றவர்களுக்கே தெரியும். தாளைத் தர மறுத்துவிட்டனர். எனினும் மேலே இருந்த தலைப்பைப் படித்துவிட்டாள். அது ராஜினாமாக் கடிதம். தாமே விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லையன்றோ? அவள் கையெழுத்திடவில்லை. மேற்சொன்னவாறு கடிதம் எழுதி அனுப்பி, தொழிலாளர் அலுவலரிடமும் மனுக் கொடுத்தாள். சமரசப் பேச்சில் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அறிவிப்பு ஊதியம், இழப்பீடு, பணிக்கொடை என்று எழுபத்தையாயிரத்துக்கு மேல் பெற்றாள். அவளோடு அன்று கையெழுத்திட்ட நால்வர் இழப்பீட்டையும் அறிவிப்பு ஊதியத்தையும் இழந்தனர்.

பணிக்கொடைக் கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்க. இருபத்தாறால் வகுத்தால் நாளுக்கு 500. பதினைந்து நாளுக்கு 7,500. எட்டாண்டு பணிக்கு 60,000. ஆறாம் வகுப்புக் கணக்குதான். பெற்றோருக்கு இதைப் போட்டுக்காட்ட நம் மாணவர்களால் இயலும்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர்க்கு ஒரு சொல். ஒப்பந்தக்காரர் கூலி தராமல் ஓடிவிட்டால், வேலை யாருக்காக நடந்ததோ அந்த முதன்மை முதலாளி கொடுக்கக் கடமைப்பட்டவர். நகராட்சியாயினும் அப்படியே. ஆகவே மனுவில் இருவர் பெயரையும் எழுதுக. தனியார் பள்ளி ஆசிரியர்களோ, தொழிற்தகராறுச் சட்டப்படி தொழிலாளர் ஆகார் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அவர்களுக்கு வழி வேறு, கல்வித் துறைச் சட்டங்களில் இருக்கிறது. எனினும் 2013இல் ஓர் ஆசிரியையின் வழக்கில், முறையற்ற நீக்கம் செல்லாதெனில் முழுப் பின்னூதியத்துடன் மீண்டும் பணி தருவதே பொதுவிதி என்று அதே நீதிமன்றம் உரைத்தது.

காலம் கடத்தாதீர். வேலை நீக்கத் தகராறை இரண்டு ஆண்டுகளுக்குள் சமரச அலுவலரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த மூன்று ஆண்டு இப்போது இல்லை. சமரசம் முறிந்தால் தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பாயத்திற்கு விண்ணப்பிக்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி தருகிறது. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் விண்ணப்பம் தரலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். சாதிச் சான்றின் நகலையும், சேர்த்து வைத்த தாள்களின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். மனு எழுதத் தெரியாதவர் ஞாயிறு மாலைகளில் நம் படிப்பகத்திற்கு வருக. எழுதித் தர மூத்த மாணவர் நால்வர் இசைந்துள்ளனர்.