குடமும் குளமும்

திருப்பூரின் அனுப்பர்பாளையம் என்றதும் பாத்திரப் பட்டறைகளின் சத்தம்தான் நினைவுக்கு வரும். நெளிந்த குடத்தைத் தட்டி நிமிர்த்தத் தெரிந்த ஊர் அது. ஒரு குளத்தையும் அப்படி மீட்க முடியுமா?

முடியும். அதே திருப்பூர் வட்டாரத்தில், நல்லாற்று நீரைத் தாங்கி நிற்கிறது நஞ்சராயன் குளம். பல நூற்றாண்டுகளுக்கு முன் அதைச் சீரமைத்த மன்னர் நஞ்சராயனின் பெயரே குளத்துக்கு நிலைத்தது. நம் காலத்தில் அந்தக் கடமையை ஊர்மக்களும் பறவை ஆர்வலர்களும் ஏற்றார்கள். பறவைகளைக் கணக்கெடுத்தார்கள், வனத்துறையோடு கைகோத்தார்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகூட அங்கே இறங்குகிறது. 2022-இல் இந்தக் குளம் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது.

குளம் நிறைந்தால்தான் குடம் நிறையும். உங்கள் ஊர்க் குளக்கரைக்கும் இந்த வாரம் ஒருமுறை போய்வாருங்கள்.