பசியும் பழக்கமும்

(தில்லியில் மத்திய அரசு ஊழியர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உடல் எடையைப் பற்றிப் பேசுவதற்கு மருத்துவரை அழைக்காமல் பொருளாதாரம் பயின்ற ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். இதில் ஒரு பொருத்தம் இல்லாமலில்லை. மனிதன் எதை, எவ்வளவு, எந்த விலைக்கு, எந்தச் சூழ்நிலையில் வாங்குகிறான் என்று ஆராய்வதே எங்கள் தொழில். உணவைப் போல அன்றாடம் தவறாது வாங்கப்படுவதும், தேவை தீர்ந்த பின்னரும் வாங்கப்படுவதுமான பண்டம் வேறொன்றைக் காண்பது அரிது.

முதலில் தேசத்தின் நிலையைப் பார்ப்போம். 2005-06-ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மெலிந்த உடலினர் 35.5 சதவிகிதம், மிகை எடை உடையோர் 12.6 சதவிகிதம். 2019-21-ஆம் ஆண்டுகளின் ஆய்வில் முன்னது 18.7 ஆகக் குறைந்தது; பின்னது 24 ஆக உயர்ந்தது. ஆண்களிடையே மிகை எடை 9.3 சதவிகிதத்திலிருந்து 22.9 ஆயிற்று. நகரங்களில் வாழும் பெண்களில் மூவரில் ஒருவர் இந்நிலையில் இருந்தார். அதே ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவிகிதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும் கூறுகிறது. பற்றாக்குறையை மனத்திற்கொண்டே திட்டமிட்டுப் பழகிய நமக்கு இது புதுக் கணக்கு. போதாத உணவும் மிகுந்த உணவும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், அருகருகே இருக்கின்றன. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது.

வருமானம் உயர உயர, அதில் உணவுக்குச் செல்லும் விகிதம் குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் எழுதினார். நம் நாட்டுக் குடும்பச் செலவு ஆய்வுகள் அதை மெய்ப்பிக்கின்றன. கிராமப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999-2000-இல் 59.4 சதவிகிதமாக இருந்து, 2022-23-இல் 46.4 ஆகக் குறைந்தது. நகர்ப்புறத்தில் 48-லிருந்து 39 ஆயிற்று. ஆனால் உணவுச் செலவிற்குள்ளே நுழைந்து பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. 2022-23-இல் உணவு வகைகளுள் மிகப் பெரிய பங்கைப் பெற்றது அரிசியோ கோதுமையோ பாலோ அன்று. பானங்களும், பக்குவம் செய்து விற்கப்படும் உணவுகளுமே. மொத்தக் குடும்பச் செலவில் கிராமத்தில் 9.6 சதவிகிதமும் நகரத்தில் 10.6 சதவிகிதமும் இவற்றுக்குப் போயின. சமையலறையில் நிகழ்ந்துவந்த முடிவுகள் மெல்ல மெல்லக் கடை வீதிக்கு இடம் பெயர்ந்துவிட்டன.

இதனால் விளைவது என்ன? 2019-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். இருபது பேருக்கு இரு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரு வாரம் எளிய உணவும் அளித்தனர். பரிமாறியவற்றில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியன இரு வாரங்களிலும் சமமாகவே இருந்தன; வேண்டிய மட்டும் உண்ணலாம் என்பது ஏற்பாடு. பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். உண்டவர்கள் அதே மனிதர்கள்தாம். மாறியது தட்டில் இருந்தது மட்டுமே. எடை கூடியவரைக் கண்டு 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று எளிதாகச் சொல்லிவிடும் நம் வழக்கம் எவ்வளவு அநியாயமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பசி என்பது வயிறு வெறுமையாகும்போது எழும் உணர்வு மட்டுமன்று. உடலின் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் 1994-இலும், இரைப்பை சுரக்கும் கிரெலின் 1999-இலும் கண்டறியப்பட்டன. முன்னது 'கையிருப்பு போதும்' என்று மூளைக்கு அறிவிக்கிறது; பின்னது 'உணவு வேண்டும்' என்று தூண்டுகிறது. ஒருவர் திடீரென்று உணவைப் பாதியாகக் குறைத்து எடை இழந்தால் லெப்டின் குறைகிறது, கிரெலின் மிகுகிறது. இழந்ததை மீட்க உடலே பசியை வளர்க்கிறது. பட்டினி முறைகள் மூன்று மாதத்தில் முறிந்து போவதற்குக் காரணம் இதுவே. தூக்கம் குறைந்தாலும் மறுநாள் பசி கூடுகிறது. 2025-இல் நம் நாட்டில் எடைக் குறைப்பிற்காக விற்பனைக்கு வந்த டிர்செபடைட், செமாக்ளூடைட் ஊசி மருந்துகள், குடல் சுரப்பி நீர்களைப் போலச் செயற்பட்டு இப்பசியையே தணிக்கின்றன. மருத்துவர் தக்கவருக்கு அளித்தால் அவை பயன் தரும். ஆயின் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது.

ஆகவே பசியோடு மல்லுக்கு நிற்பதைவிட, பசி வரும் நேரத்தையும் அப்போது கைக்கு எட்டும் பொருளையும் மாற்றுவது மேல் என்பது என் கருத்து. தில்லி அலுவலக வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். மதியம் ஒன்றரை மணிக்கு உணவு. நாலு மணிக்குத் தேநீரும் சமோசாவும். ஏழு மணிக்கு அலுவலகத்தை விட்டு, மெட்ரோவில் நின்றபடி பயணம் செய்து, வீடு சேர்ந்து உண்ண ஒன்பதரை. அந்த நேரத்துப் பசிக்கு முன்னால் எந்தச் சங்கற்பமும் நிற்பதில்லை. பத்து நிமிடத்தில் நாலு ரொட்டி உள்ளே போய்விடுகிறது. 'போதும்' என்ற செய்தி மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிடம் ஆகும். மாலை ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலை உண்டவருக்கு இரவு ரொட்டி தானாகவே குறையும். புரதமும் நார்ச்சத்தும் வயிற்றில் நெடுநேரம் தங்கும். இரவிலும் காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, ரொட்டியைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

தேநீரைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு கோப்பைக்கு இரு தேக்கரண்டிச் சர்க்கரை, அதாவது சுமார் 10 கிராம் என்றால் 40 கலோரி. நாளுக்கு நாலு கோப்பை 160 கலோரி. 250 வேலை நாட்களில் 40,000. ஏட்டுக் கணக்கின்படி ஐந்து கிலோ எடைக்கு ஈடானது. உண்மையில் அவ்வளவு குறையாது. எடை இறங்க இறங்க உடல் செலவிடும் சக்தியும் குறையும். எங்கள் சாஸ்திரத்தில் இதைக் குறைந்து செல் விளைவு என்போம். முதல் மாதத்தில் கண்ட பலன் ஆறாம் மாதத்தில் இல்லையே என்று மனம் தளர்பவர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

விரதத்தைச் சேமிப்பாக எண்ணுவோரும் உண்டு. வட நாட்டில் நவராத்திரி விரதத்தின்போது தானியத்தை விலக்கிவிட்டு, எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கையும், நெய் மணக்கும் ஜவ்வரிசிக் கிச்சடியையும் உண்கிறார்கள். பக்தியில் குறையில்லை, கலோரியிலும் குறையில்லை. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் வேளை உணவைத் தவிர்க்கலாகாது. சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும்.

வீட்டில் எண்ணெய்ப் புட்டியின் மீதும் கண் வையுங்கள். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. தானியத்திலுள்ள மாவுச்சத்தில் 4 மட்டுமே. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 27 கிராம் எண்ணெயும் கொழுப்பும் போதும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறி. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது மாதம் மூன்றேகால் கிலோ. சென்ற மாத மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

அலுவலகங்களைப் பற்றி அரசு எண்ணிப் பார்க்காமலில்லை. 2019 ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், தன் கூட்டங்களில் பிஸ்கட்டுக்குப் பதிலாக வறுத்த கடலை, பேரீச்சம்பழம், பாதாம், அக்ரூட் போன்றவற்றை வழங்கும்படி சுற்றறிக்கை விடுத்தது. 2025 ஜூன் மாதம், உணவுகளில் உள்ள எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை அலுவலகங்களில் வைக்குமாறு எல்லா அமைச்சகங்களுக்கும் எழுதியது. பலகை வைப்பது நல்லதே. எனினும் பலகையைப் படிப்பவர் அதன் கீழேயே வரிசையில் நிற்கிறார். அங்கே முடிவு செய்வது விலைப்பட்டியல்.

நான் அறிந்த சிற்றுண்டிச் சாலைகளில் அரைத் தட்டு கிடையாது. முழுத் தட்டு வாங்கியவர், பணம் கொடுத்தாயிற்றே என்று முழுவதையும் உண்கிறார். இரண்டு சமோசா ஒரே தட்டில் வருகிறது. வேகவைத்த கடலையோ, வெள்ளரித் துண்டோ கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சமோசாவைவிட விலை அதிகம். உங்கள் சிற்றுண்டிச் சாலைக் குழுவின் உறுப்பினர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். சமோசாவைத் தனியாக ஒன்று விற்கட்டும். சோறு, ரொட்டி இரண்டிலும் அரைத் தட்டுக்குப் பாதி விலை வைக்கட்டும். கடலைச் சுண்டலின் விலை சமோசா விலைக்குக் கீழே இருக்கட்டும். மூன்று மாத விற்பனைக் கணக்கை எனக்கு அனுப்பினால், எது எவ்வளவு மாறியது என்று கணக்கிட்டுத் தருகிறேன்.