வாய் திறந்து உறங்கும் பிள்ளை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

பல்வரிசை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது அழகுதான். பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும், "முன்பல் சற்று எடுப்பாக இருக்கிறதே, கிளிப் போட்டுவிடலாமா?" என்று பல் மருத்துவரிடம் ஓடுகின்றோம். பதினெட்டு வயதிலும் பல்லை நகர்த்த இயலும், அதில் ஐயமில்லை. ஆனால் பல் ஊன்றி நிற்கும் தாடை எலும்பு எளிதில் வளைந்து கொடுக்கும் பருவம் அதற்குள் கடந்து போய்விடுகின்றது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அழகைப் பற்றியன்று. பிள்ளைகள் மூச்சு விடுகின்ற வழியைப் பற்றியதாகும்.

வாயின் மேற்கூரையாகிய அண்ணமே மூக்கின் தரையுமாகும். ஒரே எலும்புப் பலகைக்குக் கீழே நாக்கு, மேலே மூச்சுக் காற்று. இப்பலகை இடப்பாதி, வலப்பாதி என இரண்டாக அமைந்து, நடுவில் ஓர் இணைப்புக் கோட்டால் சேர்ந்துள்ளது. சிறுவயதில் அவ்விணைப்பு இளகிய நிலையில் இருக்கும். பதின்ம வயதின் நடுப்பகுதியில் பெரும்பாலோர்க்கு இறுகத் தொடங்கிவிடும்.

வாயை மூடி மூக்கால் மூச்சு விடும் பிள்ளைக்கு நாக்கு அண்ணத்தில் படிந்திருக்கும். வெளியிலிருந்து கன்னத் தசைகள் பல்வரிசையை உள்நோக்கி அழுத்த, உள்ளிருந்து நாக்கு அதைத் தாங்குகின்றது. மூக்கு அடைபட்டால் வாய் திறக்கும். நாக்கு கீழே இறங்கும். தாங்குவார் இல்லாத மேல்தாடை குறுகி, அண்ணம் கூடாரம்போல் உயரும். அண்ணம் குறுகினால் மூக்கின் தரையும் குறுகும். மூச்சு மேலும் சிரமப்படும். எகில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர் 1970களில் இளங்குரங்குகளின் மூக்கை அடைத்து இதனை ஆராய்ந்தார். அவற்றின் பல்வரிசை கோணிற்று. ஆயினும் எல்லாவற்றுக்கும் ஒரே விதமாகக் கோணவில்லை. ஒவ்வொன்றும் வாயையும் நாக்கையும் வைத்துக்கொண்ட முறைக்கேற்ப மாறுபட்டது. மனிதப் பிள்ளைகளிடம் பரம்பரையும் சேர்ந்துகொள்வதால், வாயால் மூச்சு விடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாடை கெட்டுவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம்.

மூக்கு ஏன் அடைபடுகின்றது? ஒவ்வாமைச் சளி ஒரு காரணம். மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு என்னும் சதை மற்றொன்று. கோபன்ஹேகன் நகர மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் 1868ஆம் ஆண்டிலேயே இதனை விரிவாக எழுதியுள்ளார். நாள்தோறும் ஐவேளை ஒளுச் செய்து மூக்கைச் சுத்தம் செய்பவர்கள் நாம்; ஆனால் அடினாய்டு இருப்பது அந்த நீர் போய்ச் சேராத இடத்தில். ஆகவே முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்குத் தொண்டை மருத்துவரே. மூக்கு அடைத்தபடியே இருக்க, தாடையை மட்டும் சரிசெய்வது கதவைப் பூட்டிவிட்டு வாசலை அகலப்படுத்துவது போன்றது.

அறுவை என்றதும் அஞ்சவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியாயிற்று. டான்சிலையும் அடினாய்டையும் அகற்றியவர்களில் 79 விழுக்காட்டினருக்கு ஏழு மாதங்களில் உறக்கப் பரிசோதனை சீரானது. அறுவையின்றிக் கண்காணிப்பில் இருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குச் சீரானது. எப்பிள்ளைக்கு எது தேவை என்பதை மருத்துவர் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இனித் தாடைக்கு வருவோம். 1860இல் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர், 14 வயதுச் சிறுமியின் மேல்வரிசைப் பற்களுக்கிடையே ஒரு திருகைப் பொருத்தி, இரண்டே வாரங்களில் மேல்தாடையை அகலப்படுத்தியதாக எழுதினார். அன்று பலர் நம்பவில்லை. நூறாண்டுகள் கழித்து, 1961இல், ஆன்ட்ரூ ஹாஸ் என்பார் அம்முறைக்கு மறுவாழ்வு கொடுத்தார். இன்றும் வழி அதுவேதான். கடைவாய்ப் பற்களில் வளையம் பூட்டி, அண்ணத்தின் குறுக்கே திருகு வைப்பார்கள். சிறு சாவி ஒன்றைத் தாயிடம் கொடுத்து, நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ கால் சுற்றுத் திருகச் சொல்வார்கள். ஒரு கால் சுற்று ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். சில நாட்களில் முன்பற்களுக்கிடையே இடைவெளி தோன்றும். தாய்மார்கள் திகைத்துப் போவது இங்கேதான்! அது கேடன்று, இணைப்புக் கோடு திறந்துவிட்டதன் அடையாளம், பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பிறகு திருகுவதை நிறுத்தி, நடுவில் புதிய எலும்பு நிரம்பும்வரை சில மாதங்கள் கருவியை வாயிலேயே விட்டுவைப்பார்கள். எலும்பு இறுகிய வயதினர்க்கோ அண்ண எலும்பில் சிறு திருகாணிகள் பதிக்க வேண்டியிருக்கும்; சிலருக்கு அறுவையே தேவைப்படும். பருவத்தில் செய்தால் ஒரு சாவியோடு முடிகின்ற வேலை அது.

அண்ணம் அகன்றால் மூக்கின் உட்புறமும் சிறிது அகலும். பல பிள்ளைகளுக்கு மூச்சு இலகுவாகின்றது. ஆயினும் இதனைக் குறட்டைக்கெல்லாம் மருந்தாக விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. தாடை குறுகலாக இல்லாத பிள்ளைக்கு, பின்னாளில் மூச்சுத்தடை வராமல் தடுப்பதற்கென்றே திருகு பூட்ட வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. சீரமைப்புக்காகப் பல் எடுத்தால் மூச்சுத்தடை வரும் என்ற அச்சத்திற்கும் சான்றில்லை என்கின்றது. கீழ்த்தாடை பின்வாங்கிய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பருவ வளர்ச்சி வேகமெடுக்கும் காலமே ஏற்றது. முன்பல் மிகவும் துருத்தி, விழுந்தால் உடையும் நிலையிருந்தால் மட்டும் முன்னதாகச் செய்வதில் பயனுண்டு. இரவில் பிள்ளையின் வாயில் நாடா ஒட்டும் வழக்கம் ஒன்று இப்போது கைப்பேசி வழியே பரவுகின்றது. மூக்கடைத்த பிள்ளைக்கு அது ஆபத்து. ஒருபோதும் செய்யாதீர்கள்.

முதற்பரிசோதனையை 7 வயதுக்குள் செய்யும்படி அதே சங்கம் பரிந்துரைக்கின்றது. சென்னைக் கோட்டை இரயில் நிலையத்தருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கெனத் தனித்துறை இருக்கின்றது. வசதி குறைந்தோர் அங்கே செல்லலாம். மக்தப் உஸ்தாதுமார்களும் சற்றுக் கவனிக்க வேண்டுகின்றோம். எப்போதும் வாய் திறந்தபடி, உதடு வறண்டு, ஓதும்போதே தூங்கி விழும் பிள்ளையை மந்தபுத்தி என்று ஒதுக்குமுன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மருத்துவரிடம் செல்லுமுன் மூன்று நான்கு இரவுகள் பிள்ளை உறங்கிய பின் அருகில் அமர்ந்து பாருங்கள். குறட்டை எத்தனை இரவு வருகின்றது, இடையில் மூச்சு நின்று திணறி எழுகின்றானா, வியர்க்கின்றதா, படுக்கை நனைகின்றதா, மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் கீழ்வரிசைக்கு உட்புறமாகக் கடிக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். பகலில் மருத்துவர் முன் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பவன் இரவில் எப்படி மூச்சு விடுகின்றான் என்பதை அவருக்குக் காட்ட வேறு வழியில்லை.