எம்.பி.ஏ. படிப்பும் நம் பிள்ளைகளும்



தோட்டத்துப் பிள்ளை ஒருவன் எஸ்.பி.எம். தேறினால் லயம் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கம்போங் ராஜாவிலும் நம் கியா பார்ம் பக்கத்திலும் பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர், வேலைக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு பண்டிகை நாளில் வீட்டுக்கு வந்து, "அப்பா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன்" என்கிறார்கள். மகிழ்வதா, பயப்படுவதா என்று தகப்பனுக்குப் புரிவதில்லை. "சார், இது டாக்டருக்குப் படிக்கிற மாதிரியா? இல்லே, வக்கீலுக்கா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டும் இல்லை. டாக்டர் வேலைக்கு டாக்டர் படிப்பு கட்டாயம் வேண்டும். நிர்வாக வேலைக்கு எம்.பி.ஏ. கட்டாயம் என்று சட்டம் எதுவும் கிடையாது. படிக்காமலே பெரிய வியாபாரம் செய்தவர்கள் நிறைய உண்டு. ஆகவே இந்தப் படிப்புக்குப் பணம் செலவழிக்கும் குடும்பம் மற்றப் படிப்புகளைவிட இதில் கூடுதலாகவே கணக்குப் பார்க்க வேண்டும்.

எம்.பி.ஏ. என்பது வணிக நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1908ல் இதைத் தொடங்கியது. இந்தியாவில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961ல் இந்திய மேலாண்மைக் கழகங்கள் பிறந்தன. நம் நாட்டில் நிர்வாகக் கல்விக்கென்றே 1984ல் கெடாவில் வட மலேசியப் பல்கலைக்கழகம் அமைந்தது. 2015ல் பேங்க் நெகாரா, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் பள்ளியின் துணையோடு, கோலாலம்பூரில் ஏஷியா ஸ்கூல் ஆப் பிசினஸைத் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் முதலியவற்றிலும் இப்படிப்பு உண்டு.

முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகும். நம் நாட்டு விதிப்படி, பாடம் படித்துத் தேறும் முதுகலைப் படிப்புக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 1,600 மணி நேரம். இதில் வகுப்பில் உட்காரும் நேரம் சிறு பங்குதான். வாசிப்பதும், எழுதுவதும், குழுவாகக் கூடி விவாதிப்பதுமே மிச்சமெல்லாம். ஒரு கம்பெனியில் உண்மையாக நடந்த சிக்கலை இருபது பக்கத்தில் எழுதிக் கொடுத்து, "நீ மேனேஜராக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். ஹார்வர்ட் பரப்பிய முறை இது. வாய் திறக்காதவனுக்கு மதிப்பெண் குறையும். நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பெரியவர் முன் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். நான் அந்த வழக்கத்தைக் குறை கூறவில்லை, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

இனி, படிப்பில் உள்ள பிரிவுகளைப் பார்ப்போம். முதலில் எல்லாரும் எல்லாப் பாடங்களையும் படிப்பார்கள். பிறகு ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து அதில் ஆழமாகப் போவார்கள். அந்தத் துறைகள் என்னவென்று புரிந்துகொள்ளக் கோலாலம்பூருக்குப் போக வேண்டியதில்லை. நம் கண் முன்னே இருக்கும் தேயிலையைப் பார்த்தால் போதும்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்தை எப்போது பறிப்பது, எத்தனை பேர், எத்தனை இயந்திரம், லோரி எத்தனை மணிக்கு வரவேண்டும், தொழிற்சாலையில் வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, உலர்த்துவது ஆகியவை ஒன்றுக்கொன்று காத்திராமல் எப்படி நடப்பது என்று பார்ப்பது ஒரு துறை. அதை உற்பத்தி நிர்வாகம் என்பார்கள். அதோடு ஒட்டியது சரக்குப் போக்குவரத்து நிர்வாகம். கியா பார்மில் காலையில் வெட்டிய முட்டைக்கோஸ் விடிவதற்குள் செலாயாங் மொத்தச் சந்தைக்கும், எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கும் வாடாமல் போய்ச் சேர வேண்டும். மழையில் மலைச்சாலை மண் சரிந்து அடைபட்டால் அந்த லோரியின் காய் என்ன ஆவது? இதைத் தினமும் யோசிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இது பிறவியிலேயே தெரிந்த விஷயம் என்பதால், இத்துறையை அவர்கள் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விற்பனைத் துறையைப் பற்றி ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் கடலூரைச் சேர்ந்த ஒரு குடும்பம், பாட்டிலில் மட்டுமே விற்றுவந்த ஷாம்புவைச் சிறு பொட்டலமாக விற்க வழி கண்டது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். அதுவே இன்றைய கெவின்கேர் நிறுவனம். ஏழைக்கு ஒரு பாட்டில் வாங்கப் பணமிராது. ஆனால் ஒரு பொட்டலம் வாங்க முடியும். அந்த ஏழையை வாடிக்கையாளராகப் பார்த்ததுதான் அங்கே நடந்த பெரிய காரியம். கோயம்புத்தூரில் பிறந்த பேராசிரியர் சி.கே. பிரகலாத் இப்படிப்பட்ட சிறு பொட்டல வியாபாரத்தைப் பற்றி 2004ல் எழுதிய ஆங்கில நூல் உலகெங்கும் நிர்வாக வகுப்புகளில் பாடமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பேராசிரியர் அகமதாபாத்திலும் ஹார்வர்டிலும் படித்தவர். பொட்டலம் விற்றவர் எம்.பி.ஏ. படித்தவர் அல்லர்.

ஆள்வள நிர்வாகம் என்பது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, சம்பளம், பயிற்சி, தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை ஆகியவற்றைப் பற்றியது. பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வந்து வேலை செய்யும் இன்றைய தோட்டத்தில் இது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். கணினிப் புள்ளிவிவரத்தைக் கொண்டு முடிவெடுக்கும் துறை இப்போது வளர்ந்து வருகிறது. கணிதத்தில் விருப்பமுள்ளவர்களுக்கு அது ஏற்றது. இஸ்லாமிய நிதித்துறைக்கென்று 2005ல் பேங்க் நெகாரா ஏற்படுத்திய இன்சீப் என்ற பல்கலைக்கழகமே இருக்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கென்று தனிப் படிப்பும் உண்டு. பெங்களூரில் இந்திய அரசின் வர்த்தக அமைச்சு 1993ல் நிறுவிய இந்தியத் தோட்ட மேலாண்மைக் கழகம் அதைக் கற்பிக்கிறது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலக்காய் எல்லாம் அங்கே பாடம். கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளை அப்படிப்பட்ட படிப்பை முடித்துவிட்டு, துரை உட்கார்ந்த நாற்காலியில் உட்காருவது நடக்காத காரியம் அல்ல.

நிதித்துறையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து மக்களின் பணம் இரண்டு முறை பெரிய அளவில் ஒன்று சேர்ந்தது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தார்கள். 1960ல் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் தொழிலாளர்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சங்கம் இன்றும் இருக்கிறது. 1982ல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியது. ஏறக்குறைய 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. 2010ல் ஒரு தனியார் நிறுவனம் அந்தப் பங்குகளை, பங்குக்கு 80 சென் என்று கொடுத்து வாங்க முன்வந்தது.

ஒரு வெள்ளிக்கு 80 சென் வந்தால் நட்டம் 20 சென்தான் என்று பலர் நினைத்தார்கள். நிதித்துறை படித்தவர் அப்படி நினைக்க மாட்டார். அதே ஒரு வெள்ளியை ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு வட்டி வீதம், வட்டிக்கு வட்டியாக, 28 ஆண்டு போட்டு வைத்திருந்தால் ஏறக்குறைய மூன்று வெள்ளியாகியிருக்கும். இடையில் ஈவுத்தொகை வந்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே உண்மையான நட்டம் 20 சென் அல்ல, இரண்டு வெள்ளிக்கு மேல். பணத்துக்கும் காலத்துக்கும் உள்ள இந்த உறவுதான் நிதித்துறையின் முதல் பாடம். ஆண்டறிக்கையை வாசித்து, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் அன்று இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இதே கணக்கை எம்.பி.ஏ. படிப்பின் மேலேயே போட்டுப் பார்ப்போம். கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் குறைவு, தனியாரிடத்தில் அதிகம். நாம் 34,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் அமலுக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியில், இது ஒரு தொழிலாளியின் இருபது மாத உழைப்பு. பிள்ளை மாதம் 3,000 வெள்ளி வாங்கும் வேலையை ஒன்றரை ஆண்டு விட்டால், கைவிட்ட சம்பளம் 54,000 வெள்ளி. சாப்பாடும் வாடகையும் வேலையில் இருந்தாலும் உண்டு, ஆகவே அதைச் சேர்க்க வேண்டாம். ஆக மொத்தம் 88,000 வெள்ளி. பலரும் கட்டணத்தை மட்டும் செலவு என்று நினைக்கிறார்கள், பெரிய செலவு கைவிட்ட சம்பளத்தில் இருக்கிறது. படித்த பிறகு மாதம் ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கிடைத்தால், போட்டதை எடுக்க 88 மாதம், அதாவது ஏழாண்டு நாலு மாதம். இரண்டாயிரம் கூடினால் மூன்றாண்டு எட்டு மாதம். வேலையை விடாமல் வார இறுதியில் படித்தால் போட்ட பணம் கட்டணம் மட்டும்தான். ஆனால் ஞாயிறு என்பதே இராது, முழுநேர வகுப்பில் கிடைக்கும் நண்பர்களும் தொடர்புகளும் அவ்வளவாகக் கிடைக்க மாட்டார்கள்.

கணக்கியலோ மார்க்கெட்டிங்கோ படித்துவிட்டு அதே துறையில் இருப்பவர் பகுதி நேரமாகப் படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எஞ்சினியரிங்கோ விவசாயமோ படித்து வேறு துறைக்கு மாற நினைப்பவருக்கு முழுநேரப் படிப்பு பயன்படும். பட்டம் வாங்கிய கையோடு, ஒரு நாள் கூட வேலை செய்யாமல் எம்.பி.ஏ. சேர்வதை நான் ஆதரிக்க மாட்டேன். வேலை செய்தவன் ஒரு சிக்கலைக் கண்டிருப்பான், வகுப்பில் அதற்கு விடை தேடுவான். மற்றவன் மனப்பாடம்தான் செய்வான்.

பணம் எங்கிருந்து வரும்? ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க விதி இடம் தருகிறது. முதல் பட்டத்துக்காகத் தகப்பன் அதை எடுத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எம்.பி.ஏ.வுக்காக எடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் நாம். அந்தச் சேமநிதி உங்கள் கூரைக்கு வைத்த பணம். சம்பாதிக்கும் பிள்ளை, முதலில் பி.டி.பி.டி.என். கடனை ஒழுங்காகக் கட்டி, தன் சேமிப்பிலோ உபகாரச் சம்பளத்திலோ படிக்கட்டும்.

பெண் பிள்ளை கேட்டால், "போதும், கல்யாணத்துக்கு வைத்த பணம்" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சென்னையில் 1955ல் பிறந்த இந்திரா நூயி கல்கத்தாவில் 1976ல் நிர்வாகப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 1980ல் மறுபடியும் முதுகலை முடித்தார். படிக்கும்போது செலவுக்காக இரவு முழுவதும் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். 2006 முதல் 2018 வரை பெப்சிகோ நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தார். அவர் வசதியும் கல்வியும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர், லயத்திலிருந்து போனவர் அல்லர். அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அந்தக் குடும்பம் தன் பெண்ணைக் கடல் தாண்டித் தனியே அனுப்பியது. அது பணத்தால் மட்டும் ஆன காரியம் அல்ல.

பட்டம் இல்லாமல், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவோடு வேலையில் ஊறிய முப்பது வயதைக் கடந்தவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. அனுபவத்தை மதிப்பிட்டு முதுகலையில் சேர்த்துக்கொள்ளும் ஏபெல் என்ற திட்டம் இருக்கிறது. அதற்கென்று மதிப்பீட்டுத் தேர்வு உண்டு.

விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, முடித்த பிறகு பட்டம் செல்லாது என்று கண்ணீர் விடுபவர்களும் உண்டு. 2007ல் அமைந்த எம்.கியூ.ஏ. நிறுவனம் நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகள் அனைத்தையும் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. கைப்பேசியில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருக்கிறது என்று திருப்தியடைந்துவிடாதீர்கள். பிள்ளை சேரப்போகும் அதே படிப்பு, அதே பெயரில், அதே வளாகத்துக்கு, முழுநேரம் அல்லது பகுதி நேரம் என்று பதிவாகியிருக்கிறதா என்று பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். பார்த்த பிறகு முன்பணம் கட்டலாம்.