உருக்கிலே ஒரு சதுரத் துவாரம்



துறப்பணம் சுழல்வது; சுழல்வது வட்டத் துவாரத்தையே தரும். ஆயினும், பாண்டிருப்பு, கல்முனைப் பகுதி உழவரின் கலப்பைக்கு உருக்கிலே சிறிய சதுரத் துவாரம் வேண்டியிருக்கின்றது. அது ஏன் வேண்டும்? வீட்டுப் பட்டறையில் அதனை ஆக்குவது எவ்வாறு?

உழவு இயந்திரத்தின் கொழுவைப் பிணைக்கும் மரையாணியின் தலை, மண்ணில் தடுக்காதவாறு கொழுவினுள் அமிழ்ந்திருக்கும். ஸ்பானர் கொண்டு அதனைப் பற்ற இயலாது. ஆதலால் தலைக்குக் கீழுள்ள கழுத்தைச் சதுரமாக அமைத்தனர். சதுரத் துவாரத்தில் அக்கழுத்து பொருந்தியிருந்தால், மறுபுறத்தில் சுரையை முறுக்கும்போது ஆணி உடன் சுழலாது. துவாரம் வட்டமாயின் ஆணி சுழலும், சுரை இறுகாது, பெரும்போக மழை தொடங்கிய வேளையில், வயல் நடுவே கொழு கழன்றுவிடும். மழை உழவனுக்காகக் காத்திருப்பதில்லை.

புதிய கொழுவுக்குரிய தகட்டில் அரம் பதியாமல் வழுக்கினால், அவ்வுருக்கு கடினமேறியது என்று அறியலாம். அதனைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். பின்னர் சதுரத்தைக் கீறி, மையத்தில் குத்தூசியால் புள்ளியிட்டு, தகட்டை இறுகப் பிடித்து, எண்ணெயிட்டுத் துளைக்க வேண்டும். பக்கம் 8 மில்லிமீற்றராயின் 7.5 மில்லிமீற்றர்த் துளை போதும். எஞ்சிய மூலைகளை, நுனி சிறுத்த சதுர அரத்தால் அராவி எடுக்கலாம். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கையில் அழுத்தினால் பல் மழுங்கும்.

பொருத்தம் காண அளவுகோல் வேண்டுவதில்லை. ஆணியின் கழுத்தில் விளக்குக் கரியைப் பூசித் துவாரத்தில் செருகினால், கரி ஒட்டிய இடமே இன்னும் தேய்க்க வேண்டிய இடம். துவாரம் அமைந்த பின்னர், தகட்டை மீண்டும் காய்ச்சிக் கடினமாக்குதல் வேண்டும். இன்றேல் மென்மையான கொழு மண்ணில் விரைவிலே தேய்ந்துவிடும்.

இத்துணை உழைப்பின்றிச் சதுரம் துளைக்கும் இயந்திரம் இல்லையோ எனின், உண்டு. ஜெர்மானியப் பொறியியலாளர் ரூலோவின் பெயரால் வழங்கும் ஒரு முக்கோணம் மூன்று வில்களால் ஆனது. சதுரச் சட்டத்தினுள் சுழலும்போது அது நான்கு பக்கங்களையும் எப்பொழுதும் தொட்டுக்கொண்டேயிருக்கும். இவ்வுண்மையைக் கொண்டு ஹாரி வாட்ஸ் என்பவர் ஆக்கிய துறப்பணம், 1917 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆயினும் அம்முக்கோணமும் மூலைகளைச் சிறிது வளைவாகவே விட்டுச் செல்கின்றது.

அவ்வளைவு முற்றிலும் குறையன்று. கூரிய உள்மூலையில்தான் விசை குவியும். அங்கேதான் வெடிப்பும் தோன்றும். ஆகவே, கழுத்துப் பொருந்தும் அளவுக்கு மூலையை எடுத்து, அதன் அடியில் இம்மியளவு வளைவை விட்டுவைப்பதே நன்று.

சதுரத்தினுள் அடங்கும் மிகப் பெரிய வட்டம் அதன் பரப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 78.5 பங்கை எடுத்துக்கொள்ளும். அவ்வளவையும் துறப்பணம் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆணியைச் சுழலாது நிறுத்துவதோ எஞ்சிய மூலைகளே. அவற்றை ஆக்குவது பொறுமையுள்ள கை.