பங்கு என்பது சீட்டுக்கட்டு அல்ல!

(இளைஞர்களுக்கான பொருளாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த உரையைப் பின்னர் இதழில் படிக்கப் போகும் உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் சவூதியில் ஆறு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். தங்கையின் திருமணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த நான்கு லட்சம் ரூபாயைப் 'பங்குச் சந்தையில்' போட்டாராம். யாரோ ஒருவர் அவரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். ஓர் 'ஆப்'பைப் பதிவிறக்கச் சொன்னார். பணத்தை ஏதோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். இரண்டே வாரத்தில் அந்த ஆப்பில் நான்கு லட்சம் பதினோரு லட்சமாகக் காட்டியது! வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பணத்தை எடுக்கப் போனபோது, "முதலில் ஒரு லட்சம் வரி கட்டுங்கள்" என்றார்கள். கைமாற்று வாங்கி அதையும் கட்டினார். அதன் பிறகு குழுவும் இல்லை, ஆப்பும் இல்லை.

அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "வாத்தியாரே, இந்தப் பங்குச் சந்தையை அரசாங்கம் இழுத்து மூடக் கூடாதா?"

நான் அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அந்தப் பிள்ளை பங்குச் சந்தையில் பணத்தை இழக்கவில்லை. பங்குச் சந்தைக்குள் அவர் நுழையவே இல்லை! ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பங்கைக்கூட அவர் வாங்கவில்லை. பங்கு என்றால் என்ன என்று தெரியாததால், பங்கு என்ற பெயரைச் சொல்லியே ஏமாற்ற முடிந்தது. ஆகவேதான் இன்று அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

பங்கு என்றால் என்ன?

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நம் தூத்துக்குடியே போதும். 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகப் பெருந்தகை ஒருவர் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனியின் ஐந்தில் ஒரு பகுதி!

பங்கு என்பது இதுதான். 8,000 பங்கு வைத்திருந்த சேட்டும் முதலாளி. ஒரே ஒரு பங்கு வாங்கியவரும் முதலாளி. அளவில்தான் வேறுபாடு. கம்பெனி லாபம் ஈட்டினால் ஒரு பகுதியை ஈவுத்தொகையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். மீதியைத் தொழிலிலேயே போட்டால், தொழில் வளர வளரப் பங்கின் மதிப்பும் வளரும். நட்டம் வந்தால்? 25 ரூபாய் போட்டவருக்கு அந்த 25 ரூபாய் போகலாம். அதற்கு மேல் கம்பெனியின் கடனுக்காக எவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

அந்தக் கம்பெனியின் முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. 1908-இல் வ.உ.சி. சிறையில் அடைக்கப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. நோக்கம் உன்னதமானது, நடத்தியவர் உத்தமர். அப்படியிருந்தும் முதலீடு நிலைக்கவில்லை. முதலீட்டின் முதல் பாடமே இதுதான். நல்ல எண்ணம் மட்டும் லாபத்துக்கு உத்தரவாதம் ஆகாது. 'உத்தரவாத லாபம்' என்று ஒருவர் சொன்னால், அவர் பங்கைப் பற்றிப் பேசவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்!

சந்தை என்ன செய்கிறது?

ஒரு கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிடும்போது நீங்கள் கட்டும் பணம் கம்பெனிக்கோ, பங்கை விற்கும் பழைய உரிமையாளருக்கோ போகிறது. அதன் பிறகு அந்தப் பங்கை ஒருவர் விற்க, இன்னொருவர் வாங்குகிறார். அந்த விற்பனை நடக்கும் இடமே பங்குச் சந்தை. மும்பை பங்குச் சந்தை 1875-இல் தோன்றியது. தேசியப் பங்குச் சந்தையில் பங்கு வணிகம் 1994-இல் தொடங்கியது. இவற்றைக் கண்காணிக்கும் அமைப்பான 'செபி'க்கு 1992-இல் சட்ட அதிகாரம் கிடைத்தது.

இங்கே விலையை யாரும் நிர்ணயித்து அறிவிப்பதில்லை. மீன் ஏலத்தைப் போலத்தான். வாங்குவோர் அதிகமானால் ஏறும், விற்போர் அதிகமானால் இறங்கும். பெரிய பெயர் என்பதற்காக விலை ஏறிவிடாது. 2022 மே மாதம் எல்.ஐ.சி. தன் பங்கை 949 ரூபாய்க்கு வெளியிட்டது. நாட்டில் எல்.ஐ.சி.யைத் தெரியாதவர் உண்டா? ஆனால் சந்தைக்கு வந்த முதல் நாளே மும்பை பங்குச் சந்தையில் 867 ரூபாயில்தான் வணிகம் தொடங்கியது.

வாசல் எது?

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல், வணிகவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த நானே ஏமாந்தேன்! புதிய கம்பெனி ஒன்றின் விளம்பரம் வந்தது. பெரிய தொழிற்சாலைப் படம் போட்டிருந்தார்கள். 10 ரூபாய் வீதம் 500 பங்குகள் வாங்கினேன். அழகான பத்திரம் தபாலில் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து நான் எழுதிய கடிதம், 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று திரும்பி வந்தது. அந்தப் பத்திரம் இன்றும் என் பீரோவில் இருக்கிறது. படத்தைப் பார்த்தேனே தவிர, கணக்கைப் பார்க்கவில்லை. குற்றம் என்னுடையதும்தான்.

இன்று காகிதப் பத்திரம் கிடையாது. 1996-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பங்குகள் மின்னணு முறையில் 'டீமேட்' கணக்கில் இருக்கின்றன. பான் அட்டை, ஆதார், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, செபியில் பதிவு பெற்ற தரகர் மூலம் டீமேட் கணக்கும் வணிகக் கணக்கும். இவ்வளவுதான் வாசல்.

நான்கு விஷயங்களை மனத்தில் இருத்துங்கள்:

1. தரகரின் பதிவு எண்ணை வாங்கி, செபியின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். அவர் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்பாதீர்கள்.

2. பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தரகு நிறுவனத்தின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி.

3. வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில் உங்கள் டீமேட் கணக்கில் வந்து சேர வேண்டும். பங்குகளைக் காக்கும் மத்திய நிறுவனங்கள் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகிய இரண்டு. அவை அனுப்பும் கணக்கு அறிக்கையில் உங்கள் பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். தரகரின் ஆப்பில் தெரிவது மட்டும் சாட்சி அல்ல.

4. லாபத்துக்கு வரி உண்டு. அதை வருமான வரிக் கணக்கில் அரசுக்குக் கட்டுகிறீர்கள். உங்கள் பணத்தை எடுப்பதற்கு முன்கூட்டியே எவருக்கும் 'வரி' அனுப்ப வேண்டியதில்லை.

அந்தத் தாயின் மகனுக்கு இந்த நான்கில் ஒன்று தெரிந்திருந்தாலும் தங்கையின் திருமணப் பணம் தப்பியிருக்கும்.

ஹலாலா, ஹராமா?

இந்தக் கேள்வி உங்கள் மனத்தில் இருக்கிறது என்று தெரியும். நான் ஆலிம் அல்ல. தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மார்க்க அறிஞர்கள் பலர் கூறுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்கும் கூட்டு வணிகம் அனுமதிக்கப்பட்டது. ஆனால் கம்பெனியின் தொழில் ஆகுமானதாக இருக்க வேண்டும். மது, சூதாட்டம், வட்டித் தொழில் செய்யும் நிறுவனங்கள் கூடாது. கம்பெனி வாங்கியுள்ள வட்டிக் கடனும் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகோல்களின்படி சலித்தெடுத்த பட்டியலாக 'நிஃப்டி50 ஷரீஆ' குறியீடு இருக்கிறது. ஷரீஆ அடிப்படையில் நடக்கும் பரஸ்பர நிதியும் உண்டு. அளவுகோல்களில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளதால், நீங்கள் நம்பும் ஆலிமிடம் கம்பெனியின் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். "ஷேர் கூடுமா?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள்.

எந்தப் பணத்தைப் போடலாம்?

எதை வாங்குவது என்பதற்கு முன், எந்தப் பணத்தைக் கொண்டு வாங்குவது என்று கேளுங்கள். மகளின் திருமணப் பணம், அடுத்த ஆண்டு கல்லூரிக் கட்டணம், நகையை அடகு வைத்த பணம், கைமாற்று, இவை எதுவும் கூடாது. ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியே வைத்துவிட்டு, ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தொட வேண்டாத பணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஏன் ஐந்தாறு ஆண்டுகள்? சென்செக்ஸ் குறியீடு 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தாண்டியது. மார்ச் மாதம் கொரோனா அச்சத்தில் 26,000-க்குக் கீழே விழுந்தது. அதே சென்செக்ஸ்தான் 2024 செப்டம்பரில் 85,000-ஐத் தாண்டியது. இடையில் பணம் தேவைப்பட்டவர் பாதி விலைக்கு விற்றார். தேவைப்படாதவர் பொறுத்திருந்தார். இருவருக்கும் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை. கையில் இருந்த பணம் எப்படிப்பட்டது என்பதில்தான்.

குறியீடு மீண்டுவிடும் என்பதால் ஒவ்வொரு கம்பெனியும் மீண்டுவிடும் என்று எண்ணாதீர்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத் தலைவரே, கணக்கில் பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலையில் நான்கில் மூன்று பகுதிக்கு மேல் கரைந்தது. எனவே எல்லாப் பணத்தையும் ஒரே கம்பெனியில் போடாதீர்கள். பல கம்பெனிகளை ஆராய நேரமில்லாதவர், பல பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் பரஸ்பர நிதியில் மாதாமாதம் சிறு தொகை போடலாம்.

தனிக் கம்பெனியின் பங்கை வாங்குவதென்றால், மளிகைக் கடையில் கூட்டுச் சேரும்போது என்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள். என்ன தொழில்? ஐந்து ஆண்டுகளாக லாபம் வருகிறதா? கடன் எவ்வளவு? நடத்துபவர் நாணயமானவரா? இவ்வளவு விலை கொடுக்கத் தகுமா? விடைகள் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இருக்கின்றன. அதைப் படிக்க முடியாவிட்டால், அந்தப் பங்கை வாங்காமல் இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இது வணிகம் அல்ல!

இன்று நம் இளைஞர்கள் பலர் கைப்பேசியில் செய்வது முதலீடே அல்ல. 'ஆப்ஷன்', 'ஃபியூச்சர்' என்று இன்று மாலை, இந்த வாரம் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுகிறார்கள். கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்றுகூட இவர்களுக்குத் தெரியாது. செபி 2024 செப்டம்பரில் ஆய்வறிக்கை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டம் அடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! காலையில் வாங்கி மாலையில் விற்பவர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு நட்டம்தான் என்று அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வு சொன்னது.

நூறு பேர் ஏறிய படகில் தொண்ணூற்று மூன்று பேர் மூழ்கினார்கள் என்று தெரிந்த பிறகும், "நான் அந்த ஏழு பேரில் ஒருவன்" என்று ஏறுபவரை என்னவென்று சொல்வது? சிந்தித்துப் பாருங்கள்!

எழுதி வையுங்கள்

கடைசியாக ஒன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம். நாமோ மனைவிக்குக்கூடத் தெரியாமல் பங்கு வாங்கிவிட்டு மவுத்தாகிறோம். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கேட்கப்படாவிட்டால் அந்தப் பங்குகள் அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் மனுச் செய்து மீட்கலாம். ஆனால், பங்கு இருப்பது தெரிந்தால்தானே மனுச் செய்வார்கள்? எனவே வீட்டாரிடம் சொல்லுங்கள். நாமினி பெயரைப் பதியுங்கள். நாமினி ஆகிவிட்டதாலேயே அவர் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிடமாட்டார், வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சகோதரிகளின் பங்கை மறைக்க நாமினியைக் காரணம் காட்டாதீர்கள்!

மோசடியில் பணம் போனால் அவமானம் என்று ஒளிக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பதிவு பெற்ற தரகர் மீதோ கம்பெனி மீதோ புகார் என்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளம் இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி 1800 22 7575.

அந்தத் தாயின் மகனையும் 1930-க்குப் பேச வைத்தோம். பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளில் ஒன்றில் மிச்சமிருந்த சிறு தொகை முடக்கப்பட்டிருக்கிறது. அது கைக்கு வர நீதிமன்றம் போக வேண்டும். அவர் புகார் கொடுத்தது பதினேழாவது நாள். முதல் நாளே கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்.

அவர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். "என் பெயரைச் சொல்லாமல் என் கதையைச் சொல்லுங்கள் சார், இன்னொருத்தன் தப்பிக்கட்டும்" என்று அனுமதி தந்தவரும் அவர்தான். தெரியாமல் பயந்து ஒதுங்குவதும் வேண்டாம், தெரியாமல் ஆசைப்பட்டு விழுவதும் வேண்டாம். கற்றுக்கொண்டு, எண்ணிப் பார்த்து, நம் உழைப்பின் காசை நல்ல தொழிலில் பங்காக்குவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.