டைகர் இடியாப்பம் ஆன கதை

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

"சார், பத்து நிமிஷம்தான், நாயைப் பத்தி மட்டும் பேசுங்க" என்று சொல்லித்தான் செயலாளர் மைக்கைக் கையில் கொடுத்தார். பென்ஷன் பற்றி ஆரம்பித்துவிடுவேனோ என்று அவருக்குப் பயம். நாயைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் மாதம் பூங்கா பெஞ்சுப் பக்கம் நடந்தது என் தப்பு. என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்த நாயின் வாலை ஒரு சின்னப் பையன் தொட்டான். அது திரும்பிப் பாய்ந்தது. சட்டைக் கை கிழிந்தது, தோலில் படவில்லை. அன்று இரவு அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சார், ஒரு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே நாயை வெளியேற்றச் சொல்லி பதினேழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். என் வீடு பக்கத்து வீடாக இருந்திருந்தால் பதினெட்டாவது கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும்.

என் பையன் சென்னையிலிருந்து போன் போட்டான். "அப்பா, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கு. வளர்ப்பு நாய் வச்சிருக்கக் கூடாதுன்னு சங்கம் சொல்ல முடியாது, லிஃப்ட்ல ஏத்தாதேன்னும் சொல்ல முடியாது" என்றான். உண்மைதான். ஆனால் லிஃப்ட் கதவு திறந்ததும், தன்னைவிட உயரமான ஒரு நாயைப் பார்க்கிற ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சுற்றறிக்கையால் என்ன ஆறுதல்?

இந்த நாய் இங்கே வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குச் சொந்த ஊர் மயிலாடும்பாறை. தேனியில் வருசநாடு பஸ் ஏறினால் கண்டமனூர், கடமலைக்குண்டு தாண்டி வரும். மூல வைகைக் கரையில் என் அண்ணனுக்குத் தென்னந்தோப்பு, ஓரத்தில் கொஞ்சம் இலவ மரங்கள். தோப்பில் இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று கோம்பை நாய். நம் மாவட்டத்துச் சொத்து, உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கோம்பையின் பெயரையே கொண்ட இனம். செவலை உடம்பு, கரி பூசினது போல மூஞ்சி. பெயர் மணி. இன்னொன்று இந்த ராஜபாளையம் நாய். 2005ல் தபால் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டதே, அதில் ஒன்று ராஜபாளையம். வெள்ளை வெளேரென்று இருக்கும், மூக்கு ரோஸ் நிறம். தோள் உயரம் 75 சென்டிமீட்டர் வரை வளரும். பின்னங்காலில் நின்றால் என் தலைக்கு மேல் பார்க்கும். அண்ணன் அதற்கு வைத்த பெயர் டைகர்.

அண்ணன் போன பிறகு தோப்பைக் குத்தகைக்கு விட்டோம். மணி அதற்கு முன்பே வயசாகிச் செத்துவிட்டது. குத்தகைக்காரருக்கு இவ்வளவு பெரிய நாய் வேண்டாம் என்றார். அண்ணன் கையால் சோறு தின்ற நாயை ரோட்டில் விட எனக்கு மனசு வரவில்லை, இங்கே கூட்டி வந்தேன்.

வந்த நாளிலிருந்தே பிரச்சினை. கூப்பிட்டால் வராது. "டைகர், நில்லு" என்றால் நிற்காது. திமிர் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். "வாத்தியார் வீட்டு நாய், வாத்தியார் சொல்லே கேக்க மாட்டேங்குது" என்று வாக்கிங்கில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அக்டோபர் சம்பவத்துக்குப் பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். அவர் அதன் பின்னால் போய், அதற்குத் தெரியாமல் ஒரு எவர்சில்வர் தட்டைத் தட்டினார். நான் துள்ளிவிட்டேன். நாய் அசையவில்லை. அதற்கு இரண்டு காதும் கேட்காது. பிறவியிலிருந்தே கேட்காது.

ராஜபாளையம் நாய்களில் இது தெரிந்த குறைதானாம். தோலை வெளுப்பாக்குகிற அதே நிறமிக் குறைவு உள்காதிலும் இருந்தால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் செத்துப்போகும். டால்மேஷியன் நாய்களுக்கும் இப்படி உண்டு. "இத்தனை வருஷம் தோப்புல எப்படி சார் காவல் காத்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணிதான் காது. மணி குரைத்துக்கொண்டு ஓடும், இது அதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடும். தேங்காய் திருட வந்தவன் கண்ணுக்கு இந்த மலை மட்டும்தான் தெரியும். மணி இல்லாத இடத்துக்கு, காது இல்லாத நாயை நான் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி எனக்கு எமன் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயசாக இருந்தபோது எங்கள் தோப்பில் இருந்த கறுப்பு நாய். திருடன் பயப்பட வேண்டும் என்று அப்பா அந்தப் பெயரை வைத்தார். திருடன் பயந்தானோ இல்லையோ, ஊரே பயந்தது. "எமன் கட்டுத்தறியை அத்துக்கிட்டான்" என்று யாராவது சொன்னால் பெண்கள் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஒருநாள் பக்கத்துத் தோட்டத்து ஆடு கழுத்துக் கடிபட்டுக் கிடந்தது. யாரும் விசாரிக்கவில்லை. பெயரே சாட்சி சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் எமன் வாயில் நுரை தள்ளிக் கிடந்தான். கறியில் விஷம். அடுத்த மாதம் இன்னொரு ஆடு அதே மாதிரி செத்தது. மலையடிவாரம், காடு பக்கத்தில். எதுவாகவும் இருந்திருக்கலாம். அப்பா அதற்குப் பிறகு வளர்த்த நாய்க்கெல்லாம் மணி என்றுதான் பெயர்.

அதனால் சங்கக் கூட்டத்தில் மூன்று மாதத் தவணை கேட்டேன், நீங்களும் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தீர்கள். பெயரை மாற்றலாம் என்ற யோசனை அப்போது வந்ததுதான். காது கேட்கிற நாய் என்றால் பெயருக்கு நாலு விதி பார்க்க வேண்டும். இரண்டு எழுத்து, மூன்று எழுத்தில் இருக்க வேண்டும். வா, போ, நில் என்ற கட்டளைகள் மாதிரி ஒலிக்கக் கூடாது. அடுக்குமாடியில் இன்னொரு விதியும் உண்டு. ராஜா என்று வைத்துவிட்டு மாடியிலிருந்து "ராஜா, செடியில போகாதே" என்று கத்தினால், இங்கே மூன்று ராஜாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் என் நாய்க்கு எந்தப் பெயரும் கேட்கப் போவதில்லை. பெயர் முழுக்க முழுக்க நமக்குத்தான். அப்படியானால் அதிகம் பயப்படுகிறவர்கள் வைக்கட்டும் என்று பிள்ளைகளிடம் சீட்டு எழுதச் சொன்னேன்.

வந்த பெயர்களைக் கேளுங்கள். சுண்டெலி. பூனை. ஹல்க். வெள்ளைக்காரன். ஒரு வாண்டு "மெயின்டனன்ஸ்" என்று எழுதியிருந்தான். ஏண்டா என்றால், "மாசாமாசம் பெரிசாகிட்டே போகுதுன்னு அப்பா சொல்வாரு தாத்தா" என்கிறான். பொருளாளர் ஆட்சேபித்ததால் அது நீங்கியது.

சீரியஸாகப் போட்டியில் நின்றது ஒரு பெயர்தான். அதை எழுதியது, சட்டைக் கை கிழிந்த அதே பையன். இடியாப்பம். தூங்கும்போது காலெல்லாம் சிக்கிக்கொண்டு, வெள்ளையாக, நீளநீளமாகக் கிடக்கிறதாம். பார்த்தால் இடியாப்பத் தட்டேதான்! வாட்ச்மேன் அண்ணனுக்கும் பிடித்துவிட்டது. "ராத்திரி வெளியாள் வந்தா 'இடி'ன்னு மட்டும் கூப்பிடுவேன் சார், கெத்தா இருக்கும்" என்றார்.

பிள்ளைகளுக்கு இன்னொரு கதையும் சொன்னேன். 2024ல் கின்னஸ் புத்தகத்தில் உலகத்திலேயே உயரமான ஆண் நாய் என்று ஏறியது அமெரிக்காவின் அயோவாவில் இருந்த ஒரு கிரேட் டேன். 97 சென்டிமீட்டர். பெயர் கெவின், 'ஹோம் அலோன்' படத்தில் வருகிற பொடியனின் பெயர். அவ்வளவு பெரிய நாய்க்கு வேக்குவம் கிளீனர் என்றால் நடுக்கம். பாவம், சாதனை அறிவித்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனது. கேட்டுவிட்டு ஒரு பெண் குழந்தை, "நம்ம இடியாப்பத்துக்கு எதுக்குப் பயம் தாத்தா?" என்றாள். "பின்னாலேர்ந்து யாராவது தொட்டா பயம்" என்றேன். "அய்யோ, அதனாலதானா?" என்று அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தரையில் காலைத் தட்டி, அது திரும்பிப் பார்த்த பிறகு, ஆறடி தள்ளி நின்று கையசைத்துவிட்டுப் போனான்.

அதுதான் முறை, பெரியவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தூங்கும்போது தொட வேண்டாம். தரையில் காலைத் தட்டினால் அதிர்வு தெரியும், இருட்டில் டார்ச்சை அதன் முன்னால் அடித்தால் பார்க்கும். உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும். இதை மட்டும் பழக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. லிஃப்டில் வாய்க்கூடு இல்லாமல் ஏற்ற மாட்டேன், யாராவது உள்ளே இருந்தால் அடுத்த தடவைக்குக் காத்திருப்பேன். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. ஏ பிளாக்கில் ஒரு அம்மா இன்னும் எங்களைக் கண்டால் படிக்கட்டில் ஏறிவிடுகிறார். அவர் பயத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, அவர் வரும் நேரத்தில் நான்தான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

மூன்று மாதத் தவணை இந்த ஞாயிறோடு முடிகிறது. முடிவு உங்கள் கையில். இன்று காலை கேட்டில் வாட்ச்மேன் அண்ணனின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். பால்காரர், பேப்பர் பையன் வரிசையில் எழுதியிருந்தார்: "இடியாப்பம், சி பிளாக். வெளியே 5.30. உள்ளே 6.15. கூட வந்தவர்: வாத்தியார்."